நிறுத்திவைத்த அறுப்பு மிஷினில் எலி குடியேறாமல் காப்பது

தாளடி (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து மாசிக் கடைசியில் கொட்டகையில் ஏறும் மிஷின், மறுபடி வயலில் இறங்குவது குறுவை (முதல் போக) அறுப்புக்குத்தான். நடுவில் ஐந்தாறு மாதம் சும்மா நிற்கிறது. துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்து எடுத்துவிடலாம். டயர் வெடிப்பும் தெரியும். எலி செய்த வேலை மட்டும் சாவியைத் திருப்பும் நாள் வரை தெரியாது. புரட்டாசியில் வயல் முற்றி நிற்கும்போது மிஷின் ஸ்டார்ட் ஆகாது. மழை எப்போது பிடிக்குமோ என்று வயல்காரர் வரப்பில் நிற்பார். மெக்கானிக் மூன்றடி ஒயரைத் தேடி முழு மிஷினையும் பிரித்துக்கொண்டிருப்பார்.

எலி ஏன் வருகிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. சம்பா, தாளடி நிற்கும் வரை வயல் எலிக்கு வரப்பே வீடு, கதிரே சாப்பாடு. அறுப்பு முடிந்ததும் ஒரு பகுதி திடலுக்கும் வைக்கோல் போருக்கும் நகரும். உளுந்து, பயறு தெளித்த வயல்களில் மிச்சம் தங்கும். சித்திரையில் அதையும் பிடுங்கிய பிறகு வயலில் எதுவும் இருக்காது. எலி கொட்டகையைத் தேடி வரும் முதல் காலம் இது. இரண்டாவது, தண்ணீர் வரும் காலம். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலில் நீர் ஏறி, சேற்றுழவு தொடங்கும்போது வரப்பு வளைகள் நனையும். வளைக்குள் இருந்தவை மேட்டைத் தேடி ஓடும். ஊரில் மேடு என்பது வீடும் களமும் உங்கள் கொட்டகையும்தான். ஆக, சித்திரையிலும் ஆனியிலும் காவல் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

வருவது ஒரே எலியும் இல்லை. வயல் எலி, வீட்டு எலி, சுண்டெலி, சில இடங்களில் பெருச்சாளி. வீட்டு எலி நன்றாக ஏறும், ஒயரைக் கடிப்பதில் அதுதான் முதல். சுண்டெலி சின்ன ஓட்டையில் நுழைந்து சீட்டிலும் ஃபியூஸ் பெட்டியிலும் கூடு கட்டும். பெருச்சாளி மிஷினில் ஏறுவது குறைவு, கொட்டகைத் தரையைத் தோண்டி மற்றவற்றுக்கு வழி செய்து கொடுக்கும். மூக்கு நீண்டு, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது கரப்பானையும் பூச்சியையும் தின்பது, ஒயரைத் தொடாது. அதைக் கொல்ல வேண்டாம்.

எந்த எலி என்பதைப் புழுக்கை சொல்லிவிடும். அரிசிமணியை விடச் சிறிதாக, முனை கூராக, கருஞ்சீரகம் சிந்தியது போல இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில், இரு முனையும் ஒடுங்கி இருந்தால் வீட்டு எலி. அதைவிடத் தடித்துப் பெரிதாக இருந்தால் பெருச்சாளி. புதிய புழுக்கை மெத்தென்று பளபளக்கும், பழையது காய்ந்து குச்சியால் தொட்டால் பொடியும்.

முதல் வேலை, உள்ளே ஒரு மணி நெல் இல்லாமல் செய்வது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான். எலிக்கு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிராம் தானியம் போதும். மிஷினுக்குள் ஒரு கிலோ நெல் தங்கினால் அது ஒரு எலிக்கு ஒரு மாதத்துக்கு மேல் சாப்பாடு. துடைக்காத மிஷினில் ஒரு கிலோவோடு நிற்பதும் இல்லை. சினை மூன்று வாரம், ஓர் ஈற்றுக்கு ஆறு ஏழு குட்டி. பங்குனியில் பிறந்தவை ஆனியில் தாமே குட்டி போடும். பங்குனியில் உள்ளே வந்தது ஒரு ஜோடிதான் என்றாலும் குறுவைக்குள் ஒரு கூட்டமாகிவிடும்.

கடைசி வயலை அறுத்து முடித்த இடத்திலேயே தொடங்குங்கள். நெல் டேங்கைக் காலி செய்த பிறகு, கதிர் விடாமல் முழு வேகத்தில் பத்து நிமிடம் திரஷரை (கதிரடிக்கும் பகுதியை) ஓட விடுங்கள். நெல் இறக்கும் குழாயையும் சேர்த்து, நெல் விழுவது நிற்கும் வரை ஓட்டுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புல்லியும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடிகளைத் திறக்க வேண்டும். கட்டர் பக்கம் தூக்கியிருந்தால், அதைத் தாங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் லாக் போடாமல் அதன் கீழே தலையை நுழைக்காதீர்கள்.

நெல் ஒளியும் இடங்கள் எல்லா மிஷினிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எலிவேட்டரின் (நெல்லை மேலே ஏற்றும் பகுதியின்) அடிக்கிண்ணம், சல்லடைக்குக் கீழே ஓடும் இரண்டு ஆகர் (நெல்லைத் தள்ளும் திருகு) தொட்டிகள், டேங்கின் நான்கு மூலை, இறக்கும் குழாய் வளையும் முழங்கை, கான்கேவின் (கதிரடிக்கும் உருளைக்குக் கீழுள்ள வளைந்த சட்டத்தின்) கம்பி இடுக்கு, கட்டர் ஆகரின் அடித்தட்டு. எலிவேட்டர் அடி மூடியைக் கழற்றும்போது கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல நெல் சரிந்து விழும். அது நின்றதும் வேலை முடிந்தது என்று மூடுகிறவர்கள் அதிகம். விரலை விட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் சுவரில் பதரும் தூசியும் ஈரமும் சேர்ந்து அப்பளம் போல இறுகிய ஒரு படை ஒட்டியிருக்கும். உடைத்தால் உள்ளே பத்து இருபது மணி, சில முளைவிட்டு வெள்ளை வேரோடு இருக்கும். எலிக்கு வாசனை போவது இந்தப் படையிலிருந்துதான். தட்டையான ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகு கம்ப்ரஸர் காற்று. மேலிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால் என்று ஒரே திசையில் போங்கள். திசை மாற்றி அடித்தால் துடைத்த இடத்திலேயே பதர் திரும்பப் போய் உட்காரும். கண்ணாடியும் மூக்கு மறைப்பும் போடாமல் இதைச் செய்யக் கூடாது, நெல் சுணை கண்ணில் பட்டால் கருவிழி கீறும். உள் பாகங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நனைந்த பதர் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும், தகடும் துருவேறும். தண்ணீரெல்லாம் வெளிப்பக்கத்துக்கும் செயினுக்கும் போதும். டயருக்குப் பதில் செயினில் ஓடும் வண்டியாக இருந்தால் உருளைகளுக்கு இடையில் அடைந்த சேற்றை முழுக்கக் கரைத்து எடுங்கள். அந்தச் சேற்றுக்குள்ளும் வைக்கோலும் கதிரும் இருக்கும். கழுவிய பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் நிறுத்தி, பிறகு கிரீஸ் அடித்துக் கொட்டகைக்குள் விடுங்கள்.

இந்தத் துடைப்பில் இன்னொரு லாபமும் உண்டு. தையில் அறுத்த சி.ஆர். 1009 ரக நெல் உள்ளே தங்கினால், புரட்டாசியில் அறுக்கும் ஆடுதுறை 43 ரகத்துடன் கலக்கும். விதைக்கு எடுக்கிறவர் உங்களைத்தான் கேட்பார்.

அடைக்க முடிந்ததை இறுக அடையுங்கள், முடியாததை அகலத் திறந்து வையுங்கள்

அறுப்பு மிஷின் காரைப் போல மூடிய பெட்டி இல்லை. திரஷரும் சல்லடையும் உள்ள நடுப்பகுதியை எப்படி மூடினாலும் எலி நுழைய நூறு வழி இருக்கும். அரைகுறையாக மூடினால் எலிக்கு வேண்டிய இருட்டையும் காற்றில்லாத கதகதப்பையும் நாமே செய்து கொடுத்ததாகும். அதனால் நடுப்பகுதியின் பக்கத் தகடுகள், எலிவேட்டர் அடி மூடிகள், டேங்கின் அடி மூடி எல்லாவற்றையும் கழற்றி எண் எழுதி வைத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் ஊடாடும்படி விடுங்கள். இன்ஜின் பக்கத் தகட்டையும் இதே போலக் கழற்றி வையுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். கட்டினாலும் உங்கள் கண்ணில் உடனே படும்.

கண்டிப்பாக அடைக்க வேண்டியவை கேபின், ஃபியூஸ் பெட்டி, ஏர் கிளீனர் வாய், சைலன்சர் வாய், இறக்கும் குழாயின் வாய். ஒரு மிஷினுக்கு வாங்க வேண்டிய பொருள்: கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய கம்பி வலை) மூன்றடி அகலத்தில் இரண்டு மீட்டர், 24 கேஜ் தகடு அரை ஷீட், பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் ஒரு டஜன், சிலிக்கான் டியூப் இரண்டு, ஹோஸ் கிளாம்ப் ஐந்தாறு, கொஞ்சம் கட்டுக்கம்பி. மெஷ்ஷின் கண் கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை வீட்டு எலிக்குப் போதும். கோழிக்கூண்டு வலை இதற்கு உதவாது.

சைலன்சர் வாயில் பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். ஏர் கிளீனரின் மேல்வாயைச் சுற்றி மெஷ்ஷை உருளையாக வளைத்து கிளாம்ப் போடுங்கள். அதன் அடியில் தூசி கொட்டும் ரப்பர் நாக்கு கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் காகிதத்தைக் கிழித்து எலி கூடு கட்டியது தெரியாமல் இன்ஜினை ஓட்டினால் தூசி நேரே சிலிண்டருக்குள் போகும், செலவு லட்சத்தைத் தொடும்.

கேபினில் கவனம் வேண்டியது தரைதான். பெடல், லிவர், ஒயர்க் கட்டு, ஏ.சி. இருந்தால் அதன் தண்ணீர்க் குழாய் என்று தரையிலும் பின்சுவரிலும் ஏழெட்டு ஓட்டை இருக்கும். பகலில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் எலியின் வாசல். ஓட்டையில் எவர்சில்வர் நாரை இறுக்கித் திணித்து, அதன் மேல் சிலிக்கான் பூசுங்கள். சிலிக்கான் மட்டும் என்றால் ஒரு ராத்திரியில் கடித்துவிடும், நார் மட்டும் என்றால் இழுத்துப் போட்டுவிடும். சாதா இரும்பு நார் துருவேறி ஒரு மழைக்காலத்தில் உதிரும். கடையில் ஸ்பிரேயாக விற்கும் நுரையும் வேண்டாம், எலிக்கு அது பஞ்சு. லிவர் அசையும் இடத்தில் நார் திணிக்க முடியாது. அங்கே தகட்டில் அளவாகப் பிளவு வெட்டி ஸ்குரூ போடுங்கள். சீட்டையும் மிதியடியையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். டிரைவர் வைத்த பிஸ்கட் பொட்டலம், வேர்க்கடலைத் தோல், பழந்துணி எதுவும் டூல் பாக்ஸில் இருக்கக் கூடாது.

அடைத்த ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, அட்டையைச் சாவிக் கொத்தில் கட்டுங்கள். சைலன்சர் டப்பா, ஏர் கிளீனர் மெஷ், இறக்கும் குழாய் மூடி என்று வரிசையாக. ஆறு மாதம் கழித்து யார் நினைவையும் நம்ப முடியாது.

வி-பெல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றி, எந்தப் புல்லிக்கு எது என்று துண்டுச்சீட்டு கட்டி, உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்க விடுங்கள். கம்பியின் நடுவில் ஒரு டப்பா மூடியை ஓட்டை போட்டுக் கோத்துவிட்டால் மேலிருந்து எலி இறங்க முடியாது. பெல்ட்டின் ஓரத்தை எலி நறுக்கியிருந்தால் அது அன்றைக்கே அறாது, அறுப்பின் நடுவில் சுமை ஏறும்போதுதான் அறும்.

ஒயர்

பேட்டரியை எடுத்துவிடுங்கள், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். கடித்த ஒயரில் மின்சாரம் இருந்து, பக்கத்தில் காய்ந்த வைக்கோல் கூடும் இருந்தால் கொட்டகையே எரியும். பேட்டரியை வீட்டில் பலகை மேல் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

எலி முதலில் கடிக்கும் இடங்கள்: ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், ஃபியூஸ் பெட்டிக்குள் கட்டு நுழையும் இடம், சட்டத்தின் மேல் ஒயர் படுத்துக் கிடக்கும் நீளம், கட்டர் பக்க விளக்குக்குப் போகும் ஒயர். இந்த இடங்களில் வளைவு நெளிவான பிளாஸ்டிக் குழாய் மட்டும் போதாது, அதையும் கடிக்கும். குழாயின் மேல் மெஷ்ஷைச் சுற்றி, வெட்டு முனை உள்ளே குத்தாதபடி மடித்து, அரை அடிக்கு ஒரு கட்டு போடுங்கள். சட்டத்தின் மேல் கிடப்பதைத் தூக்கி, எலி நடக்கும் தடத்திலிருந்து விலக்கிக் கட்டினால் இன்னும் நல்லது. எலி எப்போதும் விளிம்பை ஒட்டி ஒரே தடத்தில் ஓடும். அந்தத் தடத்தில் எண்ணெய்க் கறை போல ஒரு கருப்புக் கோடு படிந்திருக்கும்.

கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த பழுதுக்கு நாள் குறிப்பது. கடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெட்டி எடுங்கள். உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும், எலி மூத்திரம் உறைக்குள் ஊர்ந்து போய் அரிக்கும். அதே கனமுள்ள ஒயர்த் துண்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மேலே போடுங்கள். ஓர் இடத்தில் கடி இருந்தால் முழுக் கட்டையும் விரலால் உருவிப் பாருங்கள், ஒரே இடத்தோடு எலி நிறுத்துவதில்லை.

நிறுத்தும் இடம்

வைக்கோல் போரிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி நிறுத்துங்கள். போர் பக்கத்தில் இருந்தால் மற்ற எல்லா முயற்சியும் வீண். மிஷினைச் சுற்றி மூன்றடிக்கு எதுவும் இருக்கக் கூடாது: சாக்கு, விறகு, பழைய டயர், புல் எதுவும். இறக்கும் குழாய் சுவரையோ தூணையோ தொடாமல் மடக்கி வையுங்கள், அதுவே எலிக்குப் பாலம். தார்ப்பாயைத் தரை வரை இழுத்துப் போர்த்தாதீர்கள். கொட்டகை இல்லாமல் வெளியில்தான் நிற்கிறது என்றால், தார்ப்பாயின் ஓரம் தரையிலிருந்து இரண்டடி மேலே நிற்கும்படி கட்டி, கீழே காற்று போக விடுங்கள்.

மிஷினைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவி வையுங்கள். காலையில் பார்த்தால் இரவில் வந்தது தெரியும்: எலியின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவில் சில நேரம் வால் இழுத்த கோடு. எந்தப் பக்கத்திலிருந்து வந்து எதில் ஏறியது என்று சாம்பல் காட்டும் இடத்தில்தான் பொறி வைக்க வேண்டும்.

பொறியும் மருந்தும்

ஒரு மிஷினுக்கு ஒரு பொறி போதாது. எட்டுப் பத்து அடிபொறியும் இரண்டு கூண்டும் வேண்டும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். முதல் மூன்று ராத்திரி இரையை மட்டும் வைத்து, பொறியை ஏற்றாமல் விடுங்கள். தின்னப் பழகிய நான்காம் ராத்திரி எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுங்கள். இரைக்குச் சுட்ட தேங்காய்க் கீற்று, கருவாடு, மசால்வடை எல்லாம் நல்லது. நூலால் கட்டி வைத்தால் அடிக்காமல் உருவிக்கொண்டு போக முடியாது. கொட்டகைக்கு வெளியே வரப்போரம் கிட்டி (மூங்கில் வில் பொறி) வைக்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர்க் கிட்டியை வளை வாயில் வைப்பவரின் கைக்கு ஈடாக எந்தக் கடைப்பொறியும் இல்லை. ஒட்டுப் பசை அட்டை வேண்டாம். அதில் பல்லியும் குருவியும் பாம்பும் மாட்டிக்கொள்கின்றன.

மிஷினுக்குள் விஷம் வைக்கவே வைக்காதீர்கள். தின்ற எலி எட்டாத இடுக்கில் செத்து நாறும், மிச்ச மருந்து அடுத்த அறுப்பில் நெல்லோடு சேரும். வெளியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் புரோமடியோலோன் 0.005 சதவீதக் கட்டியை, ஓரடி நீள பி.வி.சி. குழாய்க்குள் கம்பியில் குத்தி, நாயும் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் சுவரோரம் கட்டுங்கள். செத்த எலியைத் தேடி எடுத்து ஆழப் புதையுங்கள், கூகை (ஆந்தை) அதைத் தின்றால் கூகையும் சாகும். களத்தோரம் டி வடிவக் குச்சி நட்டுக் கூகையை உட்கார வைப்பது அந்த மருந்தைவிட நீண்ட நாள் வேலை செய்யும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வீட்டுப் பக்கமே வரக் கூடாது, மனிதர் உடலில் போனால் அதற்கு மாற்று மருந்தே இல்லை.

அந்துருண்டை, புகையிலை, பினாயில் பற்றிப் பலரும் கேட்பார்கள். முதல் சில நாள் எலி ஒதுங்கும், வாசனை குறைந்ததும் அதன் மேலேயே கூடு கட்டும். ஓட்டையை அடைத்த பிறகு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அடைக்காமல் அதை நம்ப வேண்டாம்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் வரும், நல்ல பாம்பும் வரும். கூடு கண்டால் காய்ந்தபடி கூட்டித் தள்ளக் கூடாது. லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு அள்ளி எரியுங்கள். பிறகு சாதாத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தகடு துருவேறும். காலில் வெடிப்போ கையில் காயமோ இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. செய்த பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்கூட்டைத் தொட்டதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மறுபடி இறக்கும் நாள்

அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள், முதல் நாள் காலையில் அல்ல. சாவியில் கட்டிய அட்டையைப் பார்த்து ஒவ்வொரு மூடியையும் எடுத்து, எடுத்ததை அடித்துவிடுங்கள். சைலன்சர் மேல், டர்போ பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல், பேட்டரிப் பெட்டியில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூட்டில் முதலில் தீப்பிடிப்பது இந்தக் கூடுகள்தான். பேட்டரியை மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரும் விளக்குகளும் ஒவ்வொன்றாக எரிகின்றனவா பாருங்கள். எரியாத ஒன்று கடித்த ஒயரின் விலாசம். பெல்ட்டுகளை வெயிலில் பிடித்து வளைத்துப் பார்த்து மாட்டுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் அடி மூடிகள் திறந்தபடியே, யாரும் பக்கத்தில் நிற்காமல், ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டத்தில் திரஷரை ஓடவிட்டு நிறுத்துங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் கீழே விழுந்திருக்கும். பிறகு மூடிகளை எண் பார்த்துப் போடுங்கள். பக்கத்தில் தீயணைப்பானோ இரண்டு வாளி மணலோ இருக்கட்டும். முதல் வயலில் டேங்கில் விழும் முதல் இரண்டு மூட்டையை விதைக்கும் சோற்றுக்கும் எடுக்காமல் தனியே கட்டி வைத்துவிடுங்கள்.